பசித்த எலும்பு

நான் எங்கும் விழவில்லை.
விபத்துப் படிவத்தில் அப்படியே எழுதச் சொன்னேன்,
அவள் 'விழுந்ததால்' என்று எழுதினாள்.
பீச் பழ ஜாடியின் மூடியைத் திருகினேன், அவ்வளவுதான்.
மூடி அசையவில்லை. மணிக்கட்டு அசைந்தது.
தேநீரில் நனைந்த பிஸ்கட்
கோப்பைக்குப் போகாமல் பாதியிலேயே விட்டுக்கொள்ளுமே,
அந்தச் சத்தம்.

எதெல்மிரா ஓயார்சூன். நாற்பத்தாறு வயது.
வால்பரைசோவில், லாரைன் குன்றில்,
பதினெட்டு வருடமாகத் தபால் சுமக்கிறேன்.
படிகள் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.
எந்த நாய் எந்தப் படியில் படுத்திருக்கும் என்று தெரியும்.
கைப்பிடிக் கம்பியைத் தொட்டதே இல்லை.

டாக்டர் காகிதத்தில் ஒரு கழுத்தை வரைந்தார்.
கழுத்துக்குள் நான்கு பயறுகள்.
தைராய்டின் வீட்டில் ஒண்டிக்கொண்டு
அதன் பெயரிலேயே காலம் தள்ளுகிற பாராதைராய்டுகள்.
அதில் ஒன்று ஆலிவ் அளவுக்கு ஊதிவிட்டது.
ரத்தத்தில் கால்சியம் குறைந்தால்
எலும்பிடம் கொஞ்சம் கேட்டு வாங்குவது அதன் வேலை.
இப்போது குறையாமலே கேட்கிறது, ராத்திரி பகலாக.
எலும்பு இல்லையென்று சொல்லத் தெரியாத பேர்வழி.

எங்கள் குன்றில் கறையான் அப்படித்தான் தின்னும்.
வெளியே மஞ்சளும் நீலமும் பளபளக்க
வீடு தபாலுக்குக் கதவு திறக்கும்.
உத்திரத்தை விரலால் குத்தினால் விரல் உள்ளே போகும்.

'எத்தனை வருடமாக?'
'ஏழு இருக்கலாம். எட்டு.'
விரல் விட்டு எண்ணினேன், கட்டுப் போடாத கையில்.
அந்தத் தாகம், அந்த மறதி, சிறுநீரகக் கல்,
காரணமில்லாமல் சோபாவில் கிடந்த ஞாயிறுகள்.
ரெனான் பெட்டியோடு போன வருடமும் அதில் அடக்கம்.
அவனுக்காக அழுததில்
எத்தனை சதவீதம் சுண்ணாம்பு என்று
இனி யார் பிரித்துச் சொல்வது?

ஆலிவை எடுத்தார்கள்.
மூன்றாம் இரவு உதடுகளில் எறும்பு ஊர்ந்தது,
பிறகு விரல் நுனிகளில்.
நர்ஸ் நினோஸ்கா மருந்துக் குழாயைச் சரிசெய்தபடி சொன்னாள்:
'எலும்புக்குப் பசி. கொடுத்ததையெல்லாம் திரும்பக் கேட்கிறது.'
எனக்குள் ஒருவர்
முதல் தடவையாகக் கேட்கிறார்.
விடியும்வரை சுண்ணாம்பு வாசமுள்ள மாத்திரைகளைக் கடித்து
அவருக்கு ஊட்டிக்கொண்டிருந்தேன்.

அலுவலகத்தில் மேசை கொடுத்தார்கள்.
நான் பிரித்து அடுக்குகிறேன்,
வென்செஸ்லாவ் என் குன்றில் ஏறுகிறான்.
பதினாலாம் எண்ணின் கடிதத்தை நாற்பதில் போடுகிறான்.
நாய்கள் அவனோடு போகின்றன. துரோகிகள்.

ஆகஸ்டில் ஒரு ராத்திரி நிலம் ஆடியது.
தெரு முழுக்கப் படியிறங்கி ஓடிற்று,
செருப்பில்லாமல், குழந்தையும் டிவியுமாக.
நான் ஓடவில்லை.
கூரை விழுவதைவிட நான் விழுவது பெரிய பயம்.
சாப்பாட்டு மேசைக்கடியில்
அதன் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.
அலமாரியில் ஜாடிகள் பல் நடுங்கின.
முதுகில் எத்தனை எலும்பு என்று கேட்டிருந்தால்
அப்போது ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பேன்.

போன வாரம் மறுபடி ஸ்கேன்.
மைனஸ் மூன்று புள்ளி இரண்டு
மைனஸ் இரண்டு புள்ளி எட்டு ஆகியிருக்கிறது.
டாக்டர் கை குலுக்கினார், மெதுவாக.
இன்னும் பூஜ்யத்துக்குக் கீழேதான்.
ஆனாலும் சாயங்காலம் காலிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
நாற்பது படி ஏறினேன்.
கம்பி குளிர்ந்திருந்தது, உள்ளங்கையில் பச்சை வர்ணம் உதிர்ந்தது.
நாற்பத்தொன்றாவது படியில் படுத்திருந்த செவலை
தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்கியது.

அந்த ஜாடி இன்னும் இருக்கிறது.
ஆணியால் மூடியில் ஒரு ஓட்டை போட்டால்
காற்று புகுந்து தானே விட்டுவிடுமாம்,
நினோஸ்காதான் சொன்னாள்.
சுத்தியல் தேடிக்கொண்டிருக்கிறேன்.